மூன்றாவது பிஸ்டன்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

போன் பண்ண வேண்டாம், வார்டு முழுக்கக் கேட்கும், எழுதச் சொல் என்று நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூட லீவு லெட்டரைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. அதையும் நீதான் எழுதிக் கொடுப்பாய், அப்பா கையெழுத்தையும் நீயே போடுவாய். அதனால் பிழை இருந்தால் உன்னைத்தான் சொல்ல வேண்டும்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இன்ஜின் வேலைக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒடுக்கு எடுப்பதும் பெயின்ட் அடிப்பதும் மட்டும் வைத்துக்கொண்டு ஷெட் எத்தனை நாள் ஓடும்? முந்தாநாள் ஒருவர் வந்தார். சத்தம் கேட்டே இன்ஜினைச் சொல்லுகிற உனக்கு ஊர் வைத்த பேரைச் சொல்லி, “காதம்மா இல்லையா?” என்றார். இல்லை என்றதும் வண்டியை ஆஃப் பண்ணக்கூட இல்லை, அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போக மாட்டேன் என்பவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவருடைய ஆறு சிலிண்டர் பழைய கார் ஷெட்டில்தான் நிற்கிறது. மார்ச் கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் பழைய கார்களெல்லாம் ஒன்றுசேருமாம், ஓட்டிக்கொண்டு போகப் போகிறாராம். “உங்க அக்கா வர்ற வரைக்கும் நீயே பார்த்துக்கோப்பா, அவங்ககிட்டக் கேட்டுக் கேட்டுப் பண்ணு” என்கிறார்.

திட்டுவாய் என்று தெரிந்தே சொல்கிறேன். டைமிங் லைட் வாங்கிவிட்டேன். இதை வாங்கலாம் என்றதற்குத்தான் நீ ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நாம் சண்டை போட்டோம். உன்னைப் போல் சத்தம் கேட்டே டைமிங் வைக்க எனக்குக் காது இல்லை, நான் என்ன செய்ய? இன்ஜின் ஓடும்போது புல்லி மேல் அந்த வெளிச்சத்தை அடித்தால், சுற்றுகிற புல்லியில் கோடு மட்டும் அசையாமல் நிற்கிறது. பேயைப் பார்த்த மாதிரி இருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கிறபடி பத்து டிகிரியில் கோட்டை நிறுத்தினேன். ஆனால் வண்டி சூடாகிறது, பிக்கப்பே இல்லை. மாட்டு வண்டிக்காரன் தாண்டிப் போவான் போல.

டி.பி.க்குப் போடுகிற அந்த ஊசி காதைக் கெடுக்கலாம், மாதாமாதம் காது டெஸ்ட் எடுப்போம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் முதல் நாளே சொன்னாரே. டெஸ்ட் எடுக்கிறார்களா? என்ன சொன்னார்கள்? ஒழுங்காக எழுது.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

லைட்டைக் கடையில் திருப்பிக் கொடு என்று எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். வாங்கியது வாங்கியாகிவிட்டது.

லைட்டில் தப்பு இல்லை. கோட்டில் தப்பு. அந்த வண்டியின் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு இரும்பு, அதைச் சுற்றி ரப்பர், ரப்பருக்கு வெளியே ஒரு வளையம். கோடு இருப்பது வெளி வளையத்தில். ரப்பர் வயதாகி இளகினால் வளையம் வழுக்கி நகரும், கோடும் கூடவே நகரும். நீ நகர்ந்த கோட்டை நம்பி டைமிங்கைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். நெருப்புப்பொறி தாமதமாக வருகிறது. அதனால்தான் சூடு, அதனால்தான் சோம்பல்.

செய்ய வேண்டியது இது. ஒரு பழைய பிளக்கை எடுத்து உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்துவிட்டு, அதில் ஒரு போல்ட்டை வெல்டு பண்ணு. அது உன் வேலைதான், நன்றாகவே செய்வாய். எல்லாப் பிளக்கையும் கழற்று. முதல் சிலிண்டரில் இந்தப் போல்ட் பிளக்கை மாட்டு. இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்று. பிஸ்டன் மேலே வந்து போல்ட்டில் முட்டி நிற்கும். அங்கே புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்று. மறுபடியும் முட்டும். இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம், உண்மையான டாப். ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதே, பிஸ்டனை உடைத்துவிடுவாய்.

டெஸ்ட் எடுத்தார்கள். பாஸ். மூன்று மாதமும் பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போனவன் நீதானே? ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதலில் யாரோ என்று நினைத்தேன். ஸ்கூட்டரின் இடதுபக்க மூடி பச்சை நிறமாக இருந்ததால் நீ என்று தெரிந்தது. உள்ளே வர பயமாக இருந்தால் பயம் என்று சொல். கையில் ஆரஞ்சுப் பையோடு வந்து, அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடாதே. அவன் பாதியைத் தின்றுவிட்டான்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கோடு எவ்வளவு தள்ளியிருந்தது தெரியுமா? என் சுண்டுவிரல் அகலம்! நீ அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்கிறாய், இங்கே நான் குனிந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டு வெள்ளை எனாமலில் புதுக்கோடு போட்டிருக்கிறேன். மெல்லிய பிரஷ்ஷில், ரூல் தடி வைத்தாற்போல. இன்ஜின்காரர்கள் யாரும் இவ்வளவு அழகாகக் கோடு போட்டிருக்க மாட்டார்கள். அதை மட்டும் ஒத்துக்கொள்.

புதுக்கோட்டில் வைத்ததும் சூடு இறங்கிவிட்டது. பல் டாக்டர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “உயிர் வந்திருச்சு. ஆனா மேட்டுல இன்னும் மூச்சு வாங்குது. உங்க அக்கா வெச்சிருந்தா இப்படி இருக்காது” என்றார். நான் பல்லைக் காட்டினேன். அவருக்குப் பழக்கம்தானே.

கேட் விஷயம். ஆமாம், நான்தான். பயம்தான். உன் மருமகளுக்கு, அதான் என் குட்டிக்கு, போன மாதம் சளி பிடித்ததிலிருந்து உன் தம்பி பெண்டாட்டி வீட்டில் யாரையும் இருமவே விடுவதில்லை. உன் லெட்டரைக்கூட வெயிலில் காய வைத்த பிறகுதான் என் கையில் தருகிறாள். இந்தத் தடவை உன் லெட்டர் மாடியிலிருந்து காற்றில் பறந்து தையல்கடைக்காரர் கூரையில் விழுந்துவிட்டது. ஏணி போட்டு எடுத்தேன். சிரிக்காதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் ஸ்கூட்டரை நிறத்தை வைத்தா கண்டுபிடித்தாய்? தெருமுனையில் வரும்போதே, “தம்பி வரான், பிரேக் கட்டை தேஞ்சிருக்கு” என்று சொல்கிறவள் நீ. அந்தக் கேட் அவ்வளவு தூரமா?

மேட்டில் இழுப்பதற்கு என்ன செய்வது என்று எழுது. டைமிங்கை இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுக்கலாம் என்று எனக்கே தெரிகிறது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. கூடிப்போனால் நாக்கிங் வரும், பிஸ்டன் போய்விடும். அந்த நாக்கிங் சத்தம் எனக்குக் கேட்காது. இருபது வருஷம் தகட்டில் சுத்தியலால் அடித்த காது இது. மெல்லிய சத்தமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

புத்தகத்தில் இருக்கும் பத்து டிகிரி, அந்த வண்டி புதிதாக இருந்தபோது, அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் சொன்னது. இன்றைய பெட்ரோலும் வேறு, இன்றைய இன்ஜினும் வேறு. லைட்டை வைத்துப் பக்கத்தில் போய்ச் சேரலாம். கடைசித் தீர்ப்பு மேட்டில்தான்.

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போ. டாக்டர் ஓட்டட்டும். டாப் கியரில் மெதுவாக ஏறச் சொல், நடுவில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல். அப்போது இன்ஜினுக்குள் நாக்கிங்கின் சன்னமான கலகலப்பு ஒரு நொடி வந்து நிற்க வேண்டும். வரவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் முன்னால் திருப்பு. வந்து நிற்காமல் தொடர்ந்தால் ஒரு நூல் பின்னால். அவ்வளவுதான் வித்தை.

உனக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஞாயிறு மதியம் இங்கே போன் பண்ணு. குட்டை நர்ஸ் டியூட்டியில் இருப்பாள், நல்லவள், போனை என்னிடம் கொடுப்பாள். நீ பேச வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே, இன்ஜின் பக்கத்துத் தகட்டில் போனை ஒட்டிப் பிடி. நான் கேட்டுச் சொல்கிறேன்.

கேட் தூரம்தான். ஜன்னலுக்கு வெளியே மரம் வேறு இருக்கிறது.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. காலையில் முட்டை, பிறகு ஊசி, பிறகு படுக்கை. பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர். வந்த புதிதில் ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டு என்னைத் தூங்கவிடாமல் அடித்தாள். இப்போது விடுவதில்லை. மருந்து அவளுக்கு நன்றாக வேலை செய்கிறது போல.

கோடு அழகாக இருக்கும், சந்தேகமில்லை.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னபடியே செய்தாகிவிட்டது. மூன்று தடவை மேடு ஏறினோம். முதல் தடவை, “ஒண்ணுமே இல்லை, இன்னும் கொடு” என்றாய். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை, “சுத்தமா இருக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை இறுக்கு” என்றாய். இறுக்கிவிட்டேன். வண்டி மேட்டில் பறக்கிறது அக்கா! டாக்டர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஆனாலும் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, லைன் சரியில்லையா? “சாப்பிட்டியா, ஜுரம் விட்டுதா?” என்று கேட்டேன். நீ, “ஆமா, நாலு பிளக்கும் மாத்து” என்றாய். ஆறு சிலிண்டர் வண்டிக்கு நாலு பிளக்கா என்று டாக்டர் என்னைப் பார்த்தார். அக்கா தமாஷ் பண்ணுகிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொன்று, மூன்றாவது தடவை ஏறும்போது டாக்டர், “என்னப்பா இது, டப்பாவுல சில்லறை போட்டுக் குலுக்கற மாதிரி கேக்குது?” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீயும் சுத்தமாக இருக்கிறது என்றாய். “அக்காவே சொல்லிட்டாங்க சார்” என்றேன். “அப்ப சரி” என்று அவரும் விட்டுவிட்டார். அவர் சொன்னது என்னவாக இருக்கும்? ஒரு நூல் பின்னால் வைத்துவிடட்டுமா?

உன் தம்பி பெண்டாட்டி ஒரு ஸ்வெட்டர் அனுப்பச் சொன்னாள். இத்துடன் இருக்கிறது. அவள் பயந்தாங்கொள்ளிதான், கெட்டவள் இல்லை.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

வேண்டாம். தொடாதே.

பல் பிடுங்குகிறவர் சொல்கிறார் என்று டைமிங்கைப் பின்னால் தள்ளினால், நாளைக்குத் தையல்கடைக்காரர் சொல்கிறார் என்று கார்புரேட்டரைக் கழற்றுவாய். அந்த வண்டியில் சைலன்சர் குழாய் மேல் சூடு தடுக்க ஒரு தகடு உண்டு. அதன் கிளிப் எப்போதும் தளர்ந்துவிடும். இன்ஜின் இழுக்கும்போது அதிர்ந்து கலகலக்கும். டாக்டருக்குக் கேட்டது அதுதான். கிளிப்பை இறுக்கு.

இன்ஜினை நான் முழுதாகக் கேட்டேன். கீழ்ச்சத்தம் ஒரே சீராக இருந்தது. மேலே ஒரு தூசு இல்லை. இவ்வளவு சுத்தமாக ஓடும் இன்ஜினை நான் சமீபத்தில் கேட்டதில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

லைன் மோசம்தான். இனிமேல் போன் வேண்டாம்.

இந்த மாத டெஸ்டும் பாஸ். சளியில் கிருமி இல்லை என்று இரண்டாவது முறையாக வந்திருக்கிறது. இப்படியே போனால் மே மாதம் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுவரைக்கும் ஷெட்டைத் திறந்து வை. நான் கேட்பது அது ஒன்றுதான்.

ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. அவளிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நான்கு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

டாக்டருடைய வண்டி மலை ஏறவில்லை. பாதி வழியில் நீலப்புகை கக்கி நின்றுவிட்டது. லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நானே இன்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. கட்டைவிரல் நுழையும். ஓட்டையைச் சுற்றி உருகி வழிந்து மெழுகு மாதிரி இருக்கிறது. மற்ற பிஸ்டன்களின் விளிம்பும் அரித்திருக்கிறது, எலி கொறித்தாற்போல. இது நாக்கிங் வேலை என்று இன்ஜின் தெரியாத எனக்கே தெரிகிறது. ஒரு நாளில் ஆனதில்லை. நாம் போல்ட்டை இறுக்கிய அன்றிலிருந்து நடந்திருக்கிறது.

சைலன்சர் தகட்டின் கிளிப்பை உன் லெட்டர் வந்த அன்றைக்கே பார்த்தேன் அக்கா. அது இறுக்கமாகத்தான் இருந்தது. நீ சொல்லிவிட்டாயே என்று இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சொத்தைப் பல்லு மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “அந்தச் சத்தம் உங்க ரெண்டு பேருக்குமே கேக்கலையா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நோயாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். மறுநாள் வண்டியை வேறு ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தையல்கடைக்காரரிடம் கேட்டேன். “டாக்டர் வண்டி கடையைத் தாண்டறப்பல்லாம் யாரோ சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே போற மாதிரி கேக்குமே. வேணும்னுதான் அப்படி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றார். தையல் மெஷின் ஓடுகிற கடையில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் கேட்டிருக்கிறது.

ராத்திரி குட்டை நர்ஸுக்குப் போன் பண்ணினேன். “அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றுதான் கேட்டேன். அவர், “நெஞ்சு நல்லா இருக்குங்க. பேசறதுதான் கஷ்டம். முகத்துக்கு நேரா நின்னு சொன்னாத்தான் புரிஞ்சுக்கறாங்க. திரும்பி நின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்லை. டெஸ்ட்ல எல்லாம் சரின்னு வருது, அதான் எங்களுக்கும் புரியலை” என்றார்.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மேட்டில் உனக்கு என்ன கேட்டது?

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

எழுதினேனே, சுத்தமாகக் கேட்டது என்று. அது பொய் இல்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது. நான் எதிர்பார்த்த கலகலப்பு மூன்று தடவையும் வரவில்லை, மூன்றாவதில் கீழ்ச்சத்தம் சீரானதும் போதும் என்று நிறுத்திவிட்டேன்.

சத்தத்தின் மேல்பாதி, கீச்சென்று மெல்லியதாக வருவதெல்லாம், எனக்கு இல்லாமல் போய் நாளாகிறது. முதலில் பறவைகள் போயின. மரத்தில் இப்போது எதுவும் உட்காருவதில்லை என்று நினைத்தேன். பிறகு டீச்சரின் குறட்டை. அவள் இன்னும் விடுகிறாளாம், வார்டே திட்டுகிறதாம். உன் லெட்டர் வந்த பிறகு அவளிடம் கேட்டேன். உன் ஸ்கூட்டரும் அப்படித்தான். கேட் தூரம் இல்லை.

டெஸ்ட் எப்படிப் பாஸானது என்று கேட்பாய். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே என்னை உட்காரவைத்துக் காதில் மாட்டிவிடுவார்கள். வெளியே ஒரு பெண் பொத்தானை அழுத்தி அழுத்தி உள்ளே சத்தம் அனுப்புவாள். கேட்கும்போதெல்லாம் நான் கையைத் தூக்க வேண்டும். அவள் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். ஆனால் அழுத்தும்போது அவள் வலது தோள் துளி இறங்கும். அது இறங்கும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். இடையில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டேன், எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வருமே. நான்கு டெஸ்டும் தோளைப் பார்த்தே பாஸானவை.

ஏன் என்று கேட்பாய். காது குறைகிறது என்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். வேறு மருந்து, மறுபடி முதலிலிருந்து, இன்னும் ஒன்றரை வருஷம் என்று இங்கே டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷம் ஷெட் தாங்காது. உன்னாலும் முடியாது. கொஞ்சம் மந்தமானாலும் ஊசி முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. நானாக நினைத்தேன்.

உன் லெட்டரை இந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அல்லது பேசியிருக்கலாம், குனிந்திருந்தார். அந்தப் பெண்ணை என் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து மறுபடி டெஸ்ட் எடுத்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். முதல் மாதமே சொல்லியிருந்தால் மருந்தை மாற்றிக் காதைக் காப்பாற்றியிருக்கலாம். போனது திரும்பாது. ஊசியை இன்றோடு நிறுத்துகிறோம், நிறுத்திய பிறகும் சில வாரம் இன்னும் இறங்கலாம். திரும்புவதற்கு ஏதாவது வழி உண்டா என்று நானும் எழுதிக் கேட்டேன். ‘இல்லை’ என்று எழுதினார். காதில் மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியலாம், இன்ஜினெல்லாம் முடியாது என்று எழுதினார்.

ஊசி முடிகிற காலத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் நெஞ்சு குணமாகிவிட்டது. இதை நல்ல சேதி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பல் டாக்டரிடம் தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்லிவிடு.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேனே, அப்போது நான் பேசியதில் எவ்வளவு உனக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். “மழை வருமா?” என்று கேட்டதற்கும் ஆட்டினாய். “ஷெட்டைக் காலி பண்ணிடலாமா?” என்று கேட்டதற்கும் அதே மாதிரி ஆட்டினாய். அதனால் எழுதுகிறேன். தலையாட்டாமல் பதில் எழுது.

வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். லைட் வாங்கலாம் என்றதற்கு அன்றைக்கு என்னை எவ்வளவு கேலி பண்ணினாய்? கண்ணை வைத்து டைமிங் வைப்பவன் மெக்கானிக்கா என்று கேட்டாய். நீ என்ன செய்தாய்? தோளைப் பார்த்துக் கை தூக்கினாய்! ஷெட்டுக்காக என்று சொல்கிறாய். ஷெட் என்றால் என்ன, நாலு தகரமும் ஒரு குழியும். அதை இழுத்து மூடிவிட்டு ஒன்றரை வருஷம் உனக்காகக் காத்திருந்திருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டாயா? இதையெல்லாம் நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும், நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததும், திட்ட முடியவில்லை. திட்டினாலும் உனக்கு முழுதாகப் போய்ச் சேராது என்று தோன்றியது.

நானும் யோக்கியன் இல்லை. கிளிப் இறுக்கமாக இருக்கிறது என்று அன்றைக்கே எழுதியிருக்கலாம். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஷெட் விஷயம். டாக்டர் போனதிலிருந்து யாரும் வரவில்லை. பிஸ்டன் கதை ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் தகடு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்கிறார்கள். அங்கே அடிக்கிற அடியில் எனக்கு மிச்சம் இருக்கும் காதும் போய்விடும், போகட்டும். ஷெட்டை டயர்க்காரர் ஒருவர் கேட்கிறார். உன் ஸ்பேனர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றால் டயர்க்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் நாம் அங்கே என்ன செய்வோம் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உன் தம்பி பெண்டாட்டி ஜன்னல் இருக்கும் அறையை உனக்குக் காலி செய்து கொடுத்துவிட்டாள். லெட்டரை இப்போது வெயிலில் வைப்பதில்லை. “அண்ணிகிட்ட எப்படிப் பேசறது?” என்று கேட்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று, “சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க” என்று வாயை அகலமாகத் திறந்து பழகுகிறாள். குழந்தை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானும் முதலில் சிரித்தேன்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

ஷெட்டை டயர்க்காரருக்குக் கொடுத்துவிடு. இது தலையாட்டல் இல்லை, யோசித்து எழுதுகிறேன். ஸ்பேனர் பெட்டியையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும். கட்டிலுக்கு அடியில் இருந்தால் ராத்திரி கால் இடிக்கும்.

திட்ட வேண்டியதை எழுதிவிட்டாய், அதுவரைக்கும் நல்லது. எழுத்தில் முழுதாகவே வந்து சேர்ந்தது.

பத்தாம் தேதி என்னை அனுப்புகிறார்கள். நீ வேலைக்குப் போய்விட்டிருப்பாய். லீவு போடாதே, புது இடம். நான் பஸ்ஸில் வந்துவிடுவேன். இறங்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும்.

நேற்று ஒன்று நடந்தது. இங்கே ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், சின்ன வயது. நான் யார் என்று குட்டை நர்ஸ் அவரிடம் சொல்லியிருக்கிறாள். முன்பு நான் என்னவாக இருந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள் போல. நான் வெளியே உட்கார்ந்திருந்தபோது வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பானெட் திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் சுற்றுவதைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். கேட்பதற்குப் பதில் தொட்டுப் பார்த்தால் என்ன என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. இரண்டு கையையும் இன்ஜின் மூடி மேல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். நடுங்கியது. சூடாக இருந்தது. ஓடுகிறதா நின்றதா என்பது கைக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. எந்த சிலிண்டர், எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே, எதுவும் இல்லை. வாஷிங் மெஷின் மேல் கை வைத்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு, “எப்படிம்மா இருக்கு?” என்றார். அந்த உதட்டசைவு எனக்கு நன்றாகப் புரிந்தது. வாழ்க்கை முழுக்க அதைத்தானே எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

‘நல்லா இருக்கு’ என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏதோ பதில் சொன்னார். குனிந்து பானெட்டை மூடிக்கொண்டே சொன்னதால், என்னவென்று தெரியவில்லை.

அக்கா